நாற்பது விநாடி

அந்தப் பனியன் கம்பெனியில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. நேரம் குறிக்கிறவர் கையில் கடிகாரத்தோடு பின்னால் வந்து நின்றால், நூல் அறுந்ததுபோல் ஊசியருகே குனிந்து கொஞ்சம் நேரத்தைக் கடத்த வேண்டும். எட்டு வருடமாகத் துளசிமணியும் அப்படித்தான் குனிந்தாள். திங்கட்கிழமை மட்டும் குனியவில்லை.

"உங்க கை ஓடறதப் பாத்துட்டே இருக்கலாம் போலிருக்குங்க" என்று அவர் சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் அவள் கையை யாரும் பார்த்துச் சொன்னதில்லை. ஒரு டி-ஷர்ட் காலரை நாற்பது விநாடியில் தைத்துக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பலகையில் காலருக்கு ஒரு நிமிடம் என்றிருந்ததை அழித்துவிட்டு, எல்லோருக்கும் நாற்பது விநாடி என்று எழுதியிருந்தார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. பக்கத்து மெஷின் கோகிலாவுக்கு ஏழாம் மாதம். கழிப்பறைக்குப் போக இரண்டு முறை எழுந்தவள், பலகையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"போயிட்டு வா கண்ணு. உன் பீஸையும் சேத்து நானே அடிச்சுக்கறேன்" என்றாள் துளசிமணி.

கோகிலா தலையைத் திருப்பவில்லை.

"வேண்டாங்க்கா. அதையும் பாத்து எழுதிக்குவாங்க."

துளசிமணி ஊசியருகே குனிந்தாள். நூல் அறுந்திருக்கவில்லை. பின்னால் யாரும் நிற்கவுமில்லை.