பெயிண்டுக்கு அடியில்

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே உச்சி வெயில் லாரியின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. காலையிலிருந்து லாரி கிளம்பவில்லை. அடியில் மல்லாந்து படுத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, போல்ட் இருந்த இடத்தை நகத்தால் கீறுகிறார். நகத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டிக்கொள்கிறது. "பெயிண்டுக்கு மேலேயே முடுக்கியிருக்காங்க தம்பி, கரண்ட் எப்படிப் பாயும்? அதான் ஒரு நேரம் கிளம்பும், ஒரு நேரம் செத்த பொணமா கிடக்கும். பெயிண்ட் அடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"மூணு" என்கிறான் டிரைவர். போன மாதம்வரை இந்த லாரியை ஓட்டியவர் அவனுடைய அக்காவின் கணவர். "சில நேரம் சத்தமே வரலை" என்று மாமா முதலாளியிடம் தலைபாடாய் அடித்துக்கொண்ட அன்று, கிளீனராக நின்ற இவன் ஏறிச் சாவியைத் திருப்பினான். முதல் திருகிலேயே உறுமியது. "வண்டியில ஒண்ணுமில்ல முதலாளி. வேலைக்குப் போக மனசு இல்லாதவருக்கு எந்த வண்டிதான் கிளம்பும்?" என்றான். மறுநாள் சாவி இவன் கைக்கு வந்தது. அக்கா இவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

எலக்ட்ரீஷியன் இரும்பு மினுங்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்குகிறார். "இப்ப செல்ஃப் அடி." சட்டென்று பிடிக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி அடிக்கிறான். பிடிக்கிறது. "போதும்ப்பா, இனிமே மக்கர் பண்ணாது" என்று அவர் கையைத் துடைக்கிறார். அவன் சாவியை விடுவதாக இல்லை. பழுது இந்தப் பழைய பெயிண்டில் இல்லை என்று ஆகிவிட, ஒரே ஒரு தடவையாவது கிளம்பாமல் போகாதா என்று பல்லைக் கடித்தபடி திருப்புகிறான். லாரி ஒவ்வொரு தடவையும் கிளம்புகிறது.