சபாபதியின் முதல் வரி

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், 2009ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், ராகுகாலம் பிறக்கும் முன், கடலூர் துறைமுகத்து இறால் ஏற்றுமதி அலுவலகத்தில், திரு. சபாபதி அவர்கள் ஜாவா என்னும் கணினி மொழியை வென்றடக்கினார்.

அதற்கு முன் கொஞ்சம் தாமதம் ஆனது.

சபாபதி கோபோல் என்னும் பழைய கணினி மொழியில் பழம் தின்று கொட்டை போட்டவர். சம்பளம், இருப்பு, இறால் எடை எல்லாம் அவர் எழுதிய நிரல்களில்தான் ஓடின. ஜாவாவை நேற்று முளைத்த காளான் என்று டீக்கடையில் சொல்லிவந்தவர்.

முதலாளி சாமிக்கண்ணுதான் கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஜாவாவுல ஒண்ணாவது ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா புது வேலைய மெட்ராஸ்காரன்கிட்ட குடுத்துடுவேன்."

ஆகவே இன்று மானிட்டருக்குக் கதம்பம். சி.பி.யூ.வுக்குச் சந்தனம். பின்னால் அலுவலகமே நின்றது.

சபாபதி எண்டரைத் தட்டினார்.

முதல் வரியில் பிழை என்றது கணினி.

முதல் வரியில் பிழை இருக்க வாய்ப்பே இல்லை என்பது சபாபதிக்குத் தெரியும். எனவே மற்ற வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அரைப்புள்ளி இருந்தது. அடைப்புக்குறி இருந்தது. மறுபடி தட்டினார்.

முதல் வரி என்றது, கொஞ்சமும் மரியாதை இல்லாமல்.

"என்னா மாமா, ஜாவா மொறைக்குது?" என்றான் கணக்குப் பிரிவில் இருக்கும் மைத்துனன் செந்தமிழ்செல்வன்.

முதலாளி செல்போனை எடுத்து மெட்ராஸ் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வரும் புதுப் பெண் பவானி எட்டிப் பார்த்தாள். "சார், தப்பா நெனைக்காதீங்க. மொதல் வரியில இருக்கறது யாரு?"

"பிள்ளையாரும்மா."

பிள்ளையார்சுழிதான். கோபோலில் எதை எழுதினாலும் தலைமாட்டில் ஒரு நட்சத்திரக்குறி, பக்கத்தில் 'உ' என்னும் தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஒரு 2. நட்சத்திரம் போட்ட வரியைக் கோபோல் படிக்காமல் தாண்டிப் போய்விடும். கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறது என்று சபாபதி நினைத்திருந்தார்.

ஜாவாவுக்கு நட்சத்திரம் தெரியாது. நின்று, இது யார் என்று கேட்டது.

"அழிச்சிடட்டுமா சார்?"

சபாபதி எழுந்தே நின்றுவிட்டார். "வேல போனா போவட்டும். அவுரு மேல கை வைக்காத."

"அப்ப நட்சத்திரத்த எடுத்துட்டு ரெண்டு சாய்கோடு போடுங்க. அவுரு பாட்டுக்கு இருப்பாரு, ஜாவா கண்டுக்காது."

போட்டார். தட்டினார். ஓடியது.

கைதட்டல் ஐஸ் அறை வரைக்கும் கேட்டது. முதலாளி செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மைத்துனன் மிக்சருக்கும் அல்வாவுக்கும் ஆள் அனுப்பினான். சபாபதி நாற்காலியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மொழி எதுவா இருந்தா என்னா? கை ஒண்ணுதான்."

திரையில் 'வணக்கம்' என்று ஒரு சொல் இருந்தது. அந்த நிரலின் வேலை அவ்வளவுதான்.