அலைக்குள்ள ஒரு குரல்

அக்கா, நான் கஸ்பார், நார்வேல பெர்கன்லருந்து பேசுறேன். இங்க நான் வேலை பாக்குற ஒலிக் காப்பகத்துல உலகத்துல எல்லார் போன்லயும் பதிவான பழைய சத்தத்தையெல்லாம் சேத்து வச்சிருக்காங்க. கடல் ஆராய்ச்சிக்காரங்க அலைச் சத்தம் கேட்டு வருவாங்க. அதுல கலந்திருக்கிற மனுசக் குரலை அழிச்சுக் குடுக்கிறது என் வேலை.

இன்னைக்கு நம்ம ஊரு தருவைக்குளம் கரையில பதிவான சத்தம் வந்துச்சுக்கா! அலைக்கு நடுவுல ஒரு ஆளு, "ஏலே கஸ்பாரு, வலைய மிதிக்காதலே!"ன்னு கத்துறாரு. ஒரு சின்னப்பிள்ளை கெக்கெக்கேன்னு சிரிக்குது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதப்ப எனக்கு ரெண்டு வயசு, இப்ப இருபது வருசமாச்சு. அவர் குரல் எனக்குத் தெரியாதுல்ல? அந்தக் குரலை அழிக்காம வைக்கச் சொல்லி, இந்தச் சத்தத்தைக் கேட்டு வந்த ஆராய்ச்சி மேடம்கிட்ட கெஞ்சினேன். நாளை வரைக்கும் அழிக்க வேண்டாம்னாங்க.

சத்தத்தையும் இதோட அனுப்பியிருக்கேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, அது அப்பாதானான்னு கேட்டுச் சொல்லுக்கா.