மறுபடியும் காணோம்

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த சதாசிவம் உள்ளே நுழைந்ததும், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த, ஆபீஸ் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி அருளம்பலம் சட்டென்று எழுந்துகொண்டார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“என்ன சார், கைய வச்சிட்டீங்களா?”

“நான் ஒண்டும் தொடேல்லைத் தம்பி. சும்மா பாத்தனான்” என்றார் அவர்.

சும்மாவாம்! ஈப்போவில் இருந்த அந்த ரப்பர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே அது அந்த மனுஷனுக்கு ஆகாது. தோட்டத்து ஆட்களின் சம்பளத்தை ஆயுசெல்லாம் கையால் கணக்குப் போட்டவர். மெஷின் கெட்டுப் போனால் அவருக்குக் கொண்டாட்டமாகத்தானே இருக்கும்?

மானேஜர் ஜெயபாலன் அறையிலிருந்து வெளியே வந்தார். “மறுபடியும் டைரக்டரியக் காணோம்னு வருது லா. நாளைக்குச் சம்பளம் போடணும். இன்னொரு தடவ இந்தத் தொல்ல வந்துச்சுன்னா, மெஷினத் தூக்கிக்கிட்டுப் போயிடு.”

கம்ப்யூட்டர் கடையில் சதாசிவத்துக்கு மாதச் சம்பளம் கிடையாது. பழுது பார்க்கச் சொல்லிக் கடைக்குப் போன் வந்தால்தான் கூலி. மழை பெய்தால் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரனுக்கு வேலை இல்லாத மாதிரிதான் அவன் பிழைப்பும்.

ஈய விலை விழுந்ததிலிருந்து ஊரில் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. இப்போது அவனைக் கூப்பிடுவது இந்த ஒரு ஆபீஸ்தான். ‘இந்த வாரமும் போன் வரலேன்னா வேற வேல பாத்துக்க’ என்று கடை முதலாளி தவுக்கே சொல்லிவிட்டதை, நேற்றுச் சாப்பிடும்போதுதான் மனைவி மங்களத்திடம் சொல்லிப் புலம்பியிருந்தான். நல்லவேளை, காலையிலேயே இங்கிருந்து போன் வந்தது.

மங்களம் அதே ஆபீசில் டைப்பிஸ்ட். அவன் உட்கார்ந்ததும் கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வந்த சாப்ட்வேர் அது. புது மெஷினைக் கம்பெனியின் பழைய பெரிய மெஷின் மாதிரி நடிக்க வைக்கும். பழைய சம்பளக் கணக்கெல்லாம் அதற்குள்தான் ஓடும். ஓடுவதற்கு முன்னால் ஒரு டைரக்டரியை, அதாவது மெஷினுக்குள் ஃபைல்களைப் போட்டு வைக்கும் அறை மாதிரி ஒன்றை, தேடும். காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை, அந்தப் பேரில் ஒன்று இருந்தால் போதும். இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும்.

“எப்பவும் போல அத உண்டாக்கி வச்சிட்டு வாங்களேன். எதுக்கு ரொம்ப நோண்டுறீங்க?” என்றாள் மங்களம்.

“டைப் அடிக்கிறவளுக்கு இதெல்லாம் வெளங்காது. சும்மா இரு புள்ள! நான் உண்டாக்கி வச்சிட்டுப் போக, எவனோ அழிச்சிக்கிட்டே இருக்கான்” என்று அருளம்பலத்தின் பக்கம் பார்த்துச் சத்தமாகவே சொன்னான்.

கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நிமிர்ந்தான். “முடிஞ்சிச்சி சார். இனிமே மெஷினத் தொறந்த ஒடனே, டைரக்டரி இருக்கான்னு அதுவே பாத்துக்கும். இல்லேன்னா அதுவே உண்டாக்கிக்கும். எவன் அழிச்சாலும் சரி!”

சம்பளக் கணக்கு ஓட ஆரம்பித்தது. ஜெயபாலன் அவன் தோளில் தட்டினார். “கெட்டிக்காரன்யா நீ! இனிமே ஒன்னக் கூப்புட வேண்டிய வேலையே இல்ல.”

சதாசிவத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜெயபாலன் அருளம்பலத்தின் பக்கம் திரும்பினார். “கிராணியாரே, அடுத்த மாசத்திலேருந்து நீங்க ஆயர் தாவார் தோட்டத்து ஆபீசுக்குப் போயிடுங்க. இந்த மெஷினுக்கும் ஒங்களுக்கும் ஒத்து வராது.”

அருளம்பலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மங்களம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பாதி வழி வரை அவன்தான் பேசிக்கொண்டே வந்தான். “பாத்தியா, கெழவன் கொட்டத்த அடக்கிட்டேன்!”

“அவரு பாவங்க. சரி பண்ணிப் பாக்கலாம்னுதான் அதுல ஒக்காந்தாரு. அவரு அழிக்கல.”

“பின்ன யாரு?”

“நான்தான். நீங்க செய்யிறதப் பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டேன்.”

சதாசிவம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். “அடிப்பாவி! கட்டுன புருஷன் பொழப்புல மண்ணள்ளிப் போடவாடி அழிச்ச?”

மங்களத்துக்கு அழுகை வந்துவிட்டது.

“அது காணாமப் போனாத்தானே ஒங்களக் கூப்புடுறாங்க?”