நாற்பத்து நான்கு அங்குல டயர்

ஆகுரெய்ரி ஊரின் வண்டி மன்றம் பனியாற்றின் மேல் நடத்தும் வண்டி ஓட்டத்துக்குத் தலைமை தாங்குவதற்காக, ஹவ்கூர் குளிர்காலம் முழுக்கத் தன் பிக்கப்பை ஒரு கொட்டகைக்குள் வைத்து உயர்த்திக் கட்டினான். நாற்பத்து நான்கு அங்குல டயர்.

"கொட்டகைக் கதவு உயரத்தை அளந்தியா?" என்று கேட்டேன்.

"மாலை வகுப்புல வெல்டிங் படிக்கிறவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? ஓரமா நில்லு!"

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

ஓட்டத்தன்று காலை, வண்டியின் கூரை கொட்டகைக் கதவின் மேல்சட்டத்தில் முட்டி நின்றது. டயர்களில் காற்றை இறக்கினான். அப்போதும் நாலு விரல் உயரம் இடித்தது.

"ஒன்பது மணிக்குப் போகலைன்னா தலைமை போச்சு! சுவரை இடிங்கடா!"

சம்மட்டியைத் தூக்கிய நண்பன் என்னைப் பார்த்துத் தயங்கினான். ஹவ்கூரும் திரும்பினான். ஐந்து மாதத்தில் முதன்முறையாக அவன் பேச்சில் மரியாதை வந்தது.

"ஸ்டெய்னுன், நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணணும்..."

அவன் இரவல் வாங்கிய கொட்டகை என்னுடையது.

"முடியாது" என்றேன்.