மெத்தென்ற செருப்பு

சுலோசனாவுக்கும் அவள் வீட்டில் வேலை செய்யும் செங்கமலத்துக்கும் ஒரே வலி. இரண்டு எக்ஸ்ரேயிலும் குதிகால் எலும்பிலிருந்து முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் உயிர் போகும். இரண்டு டாக்டர்களும் ஒன்றையே சொன்னார்கள்: வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

சுலோசனா குதிகாலுக்கு மெத்தென்றிருக்கும் எம்.சி.ஆர். செருப்பு புதிதாக வாங்கிக்கொண்டு பழையதைச் செங்கமலத்துக்குக் கொடுத்தாள். "கழட்டவே கழட்டாதே. இந்த மார்பிள் தரைதான் நமக்கு எமன்."

'நமக்கு' என்றது செங்கமலத்துக்குப் பிடித்திருந்தது. சுலோசனாவின் குதிகால் பட்டுக் குழிந்திருந்த இடத்தில் அவள் குதிகாலும் சரியாகப் பொருந்தியது.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே வாசற்படியைத் தாண்டினாள். சுலோசனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"என்ன, செருப்போட உள்ள வர்றே?"

"நீங்க குடுத்ததுதாம்மா. கழுவிட்டுத்தான் போட்டேன்."

"அதுக்காக? வெளிய விட்டுட்டு வா."

விட்டுவிட்டு வந்தாள். கூடத்தைத் துடைத்தாள். ஈரம் காய்வதற்குள் சுலோசனா தன் புதுச் செருப்போடு குறுக்கே நடந்து போனாள். தரையில் விழுந்த தடங்களைச் செங்கமலம் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் குனிந்து மறுபடியும் துடைத்தாள்.

சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்ட சுலோசனா உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்: "செருப்பு போட்டதுல வலி கொறஞ்சிருக்கா?"

"பஸ் ஸ்டாப்புலேருந்து உங்க வாசப்படி வரைக்கும் வலியே தெரியலம்மா."