சேதுவின் இலை

தலைவாழை இலையின் நடுவில் அமராவதி பழைய சோற்றை வைத்தாள்.

நேற்று வடித்து நீர் ஊற்றிய சோறு. பக்கத்தில் நான்கு சின்ன வெங்காயம், ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய்.

கூடத்தில் இருந்தவர்கள் இலையை எட்டிப் பார்த்தார்கள்.

"யாத்தே! மூத்தவளுக்குப் பழையதா?" என்றாள் மாமியார் சொர்ணம்.

"உசுரோட இருக்கிற எங்களுக்கு என்ன வைப்பீங்க அண்ணி, நீச்சத்தண்ணியா?" என்றாள் நாத்தனார் மீனம்மாள்.

அன்று அமராவதியின் கணவன் சொக்குவின் முதல் மனைவிக்குத் திதி. காய்ச்சலில் அவள் போய் மூன்று வருஷம். இரண்டாவதாக வந்தவள்தான் படையல் இலை போட வேண்டும், படைத்த சேலையை அவளே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மூத்தவள் மனம் குளிர்ந்தால்தான் இளையவள் வாழ்வாள் என்று நம்புகிற வீடு.

அமராவதி வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

"எலையை எடுத்துப்புடு. அடுப்படியில அதிரசம் இருக்கு, வடை இருக்கு. அதை வச்சுப் படை. முடியாதுன்னா இப்பவே ஒன் அப்பன் வீட்டுக்குக் கெளம்பு. மூத்தவளைக் கேவலப்படுத்துறவ இந்த வீட்டுல இருக்க வேண்டாம்," என்றாள் சொர்ணம்.

சொக்கு இருவருக்கும் நடுவில் நின்றான். கையில் மாம்பழ நிறச் சேலை. பொன்னமராவதியில் இருக்கும் அவனுடைய ஜவுளிக்கடையில், அத்தனை பட்டுச் சேலையையும் தள்ளிவிட்டு, படையலுக்கென்று அமராவதி எடுத்த சாதாரண நூல் சேலை.

அமராவதி எழுந்திருக்கவில்லை. இலையின் நுனியை நீவிவிட்டாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர் அவள். நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற குரல். அதை உயர்த்த வேண்டியதே இல்லை.

"அத்தை, எகிப்துன்னு ஒரு தேசம். நாலாயிரம் வருசத்துக்கு முந்தியே அங்க செத்தவங்களுக்குப் படையல் வச்சாங்க. என்னென்ன வைக்கணும்னு கல்லறைச் செவுத்துலயே பட்டியல் வெட்டியிருப்பாங்க. இத்தனை ரொட்டி, இத்தனை சாடி மது, இவ்வளவு துணின்னு. பேரைச் சொல்லி வச்சாத்தான் போய்ச் சேரும்னு அவங்க நம்பிக்கை."

"அந்த ஊரு சங்கதி எனக்கெதுக்கு? நம்ம வீட்டுல அதிரசந்தான்."

"அதிரசம் யாருக்குப் பிடிக்கும், அத்தை?"

சொர்ணத்தின் பார்வை அடுப்படிக்குப் போனது.

"ஆத்தாவுக்குத்தான்," என்று மீனம்மாள் சிரித்துவிட்டாள். "கற்பூரம் அணையறதுக்குள்ள ரெண்டு காணாமப் போயிரும்."

சொக்கு சிரிக்கவில்லை. அவன் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை. கொல்லைப்புறத்தில் அலுமினியக் கிண்ணத்தோடு மூத்தவள் ஒளிந்து உட்கார்ந்திருந்தாள். கீரனூர்ப் பெரிய வீட்டுப் பெண், பழைய சோற்றுக்கு ஆசைப்பட்டு. கையும் களவுமாகப் பிடிபட்டதும் அவன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று.

அவன் யாரிடமும் சொன்னதில்லை. அமராவதியிடமும்தான்.

பிறகு இவளுக்கு எப்படி?

கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்கப் போனது நினைவுக்கு வந்தது. இரண்டாந்தாரம் என்றதும் முகம் சுளிக்காத ஒரே பெண் இவள்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மூத்தவங்களுக்கு வருஷா வருஷம் படையல் வைக்கிறீங்களா? வைக்கிறோம் என்றதும் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டாள்.

"ஆத்தா, எலை இருக்கட்டும்," என்றான் சொக்கு. "அவளுக்கு இதுதான் உசுரு. ஒனக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பியோன்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு திம்பா. நான் பார்த்திருக்கேன்."

சொர்ணம் மகனைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள்.

ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. மருமகளின் பெட்டியைத்தான் தூக்கி வெளியே வைக்கப் போகிறாள் என்று மீனம்மாள் நினைத்தாள்.

சொர்ணம் திரும்பி வந்தபோது கையில் வறுத்த மோர் மிளகாய் இரண்டு இருந்தன.

"கேட்டிருந்தா நானே போட்டிருப்பேனே, கிறுக்கச்சி," என்று இலையைப் பார்த்துச் சொன்னாள். மிளகாயைச் சோற்றின் ஓரத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கற்பூரம் ஏற்றினார்கள்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் இறந்தவளின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூத்தவள் என்றால் மூத்தவள், அவ்வளவுதான். அமராவதி கைகூப்பிக் கண்ணை மூடினாள்.

"சேது, சாப்பிட வாடி."

சொக்கு திரும்பி அவளைப் பார்த்தான். சேதுலட்சுமியை அப்படி உரிமையாகக் கூப்பிட அந்த வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை.

படையல் முடிந்து இலையின் முன்னால் அவர்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டான்.

அமராவதி தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள். திருச்சியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த காலத்துச் சரித்திர நோட்டு. நடுவில், எகிப்தியர் வழிபாடு என்ற பாடம் முடிகிற பக்கத்தில், வேறொரு கை எழுதியிருந்தது.

வலது பக்கம் சாய்கிற அந்த எழுத்தைச் சொக்குவுக்குத் தெரியும். அதே எழுத்தில் பதினொரு கடிதங்கள் அவனுடைய பெட்டியில் இருந்தன.

'என் கல்லறைச் சுவர்' என்று தலைப்பு.

பழைய சோறு. சின்ன வெங்காயம், நாலு. நார்த்தங்காய். மாம்பழக் கலரில் நூல் சேலை. அதிரசம் வேண்டவே வேண்டாம்.

அதற்குக் கீழே, இரண்டு முறை அடிக்கோடு போட்டு:

படைக்க வேண்டியவள், என் ரூம்மேட் அமராவதி.